வேட்டி கிழிந்தால் இட்லித் துணி

திருச்சி ஸ்ரீரங்கத்தின் சித்திரை வீதிகளில் ஒரு வேட்டி லேசில் ஓய்வு பெறுவதில்லை. கரை நைந்து, நடுவில் நூல் விட்டுப்போனால் நல்ல பகுதியைக் கத்தரித்துத் துண்டாக்கிக்கொள்வார்கள். துண்டும் இளைத்துவிட்டால் சதுரமாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்தால் இட்லித் துணி. அதிலும் ஓட்டை விழுந்தால் அடுப்படிக் கரித்துணி. கடைசியில் அது வாசலில் நிற்கும் ஸ்கூட்டரைத் துடைத்து முடித்த பிறகுதான் குப்பைக்கூடைக்குப் போகும். கடையில் ஒரு முறை காசு கொடுத்து வாங்கிய நாலு முழத் துணி, ஒரு குடும்பத்துக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஊழியம் செய்துவிடும்.

இவற்றில் இட்லித் துணியை மட்டும் சற்று கிட்டே போய்ப் பார்க்கலாம். துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஓட்டைத் தட்டின் மேல் சுருக்கமில்லாமல் விரித்து, குழிக்குக் குழி மாவை ஊற்றுவார்கள். வெந்ததும் தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, துணியின் முதுகில் இரண்டு கை தண்ணீர் தெளித்தால் இட்லி உடையாமல் பிரிந்து வரும். உடனே அலசாவிட்டால் மாவு காய்ந்து துணி விறைத்துப்போகும். அலசி வெயிலில் உலர்த்தினால் மறுநாள் காலைக்குத் தயார். புதுத் துணியைவிடப் பலமுறை துவைத்த பழைய துணியே இதற்கு வசதி. கஞ்சியெல்லாம் போய், நூல் மெலிந்து, ஆவியைத் தடையில்லாமல் விடும்.

இந்தத் துணியின் இடத்தில் பிளாஸ்டிக் தாள் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கர்நாடகம் பார்த்தது. 2025-ன் தொடக்கத்தில் அந்த மாநில உணவுப் பாதுகாப்புத் துறையினர் சுமார் 250 உணவகங்களில் சோதனை செய்தபோது, 52 இடங்களில் துணிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாளைப் போட்டு இட்லி அவித்துக்கொண்டிருந்தார்கள். அரசு உடனே அதற்குத் தடை விதித்தது. துணியைத் துவைக்க வேண்டும், தாளைத் துவைக்க வேண்டாம். அந்த ஒரு சோம்பலுக்காகத்தான் கொதிக்கும் ஆவியில் பிளாஸ்டிக்கை வைத்து, அதன் மேல் பிள்ளைகளுக்கு இட்லி வார்த்திருக்கிறார்கள்.

ஒருமுறைப் பொருட்களுக்கு மாற்று என்ன என்ற கேள்வி இந்தத் துவைப்பில்தான் இருக்கிறது. பொருளைத் தைப்பது யார், துவைப்பது யார், அதற்குக் கூலி கொடுப்பது யார் என்பதைப் பேசாமல் ‘துணிக்கு மாறுங்கள்’ என்று சொல்வது பாதிப் பேச்சு. அந்த மீதிப் பாதியைத் திருச்சி பேசியாக வேண்டும்.

தடைக்குக் குறைவில்லை. 2018 ஜூன் 5 அன்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டப்பேரவையில் அறிவித்தபடி, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருட்கள் தடைசெய்யப்பட்டன. தூக்குப் பை, தெர்மாகோல் தட்டு, உணவு கட்டும் தாள், உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப் எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு. 2021 டிசம்பர் 23 அன்று மு.க.ஸ்டாலின் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. 2022 ஜூலை 1 முதல் ஒன்றிய அரசின் தடையும் சேர்ந்துகொண்டது. காகிதக் கப் மீதான தமிழ்நாட்டின் தடை செல்லும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஆனாலும் காந்தி மார்க்கெட்டில் காலை வேளையில் கால் மணி நேரம் நின்றால் போதும். கீரைக்கட்டும் கொத்தமல்லியும் எதில் போகின்றன என்பது தெரியும். உறையூரைத் தாண்டி ஓடும் உய்யக்கொண்டான் சோழர் காலத்து வாய்க்கால். ஆயிரம் ஆண்டுகளாக வயலுக்குத் தண்ணீர் சுமந்த அந்த வாய்க்காலின் கரையில் இன்று ஒதுங்கிக் கிடப்பது பையும் கப்பும் பாக்கெட்டும். அரியமங்கலத்தில் சுமார் 47 ஏக்கரில் அரை நூற்றாண்டாகக் குவிந்த குப்பையைச் சலித்துப் பிரித்து அகற்ற மாநகராட்சி பட்ட பாடும், கோடையில் அங்கே பற்றிய தீயும், அந்தப் புகையை மூச்சாக இழுத்த சுற்றுவட்டாரக் குடும்பங்களும் ஊரறிந்த கதை.

தடையை ஏமாற்ற இன்னொரு பையும் வந்தது. கையில் வாங்கினால் துணி மாதிரியே இருக்கும். வண்ணம் வண்ணமாகக் கடைப்பெயர் அச்சிட்டிருக்கும். உண்மையில் அது நெய்யாத பாலிபுரோப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். 2019-ல் தமிழ்நாடு தடைசெய்த 14 வகைப் பட்டியலில் இதுவும் இருந்தது. சந்தேகம் இருந்தால் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினால் போதும். பருத்தி எரிந்து, காகிதம் கருகும் வாசனையோடு சாம்பலாகும். இந்தப் பையோ உருகிச் சுருண்டு கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். பத்து நாளில் கைப்பிடி பிய்ந்து, ஆறு மாத வெயிலில் பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணில் கலக்கிறது. துணிப்பை என்று நம்பி இதை வாங்கியவர்களின் நல்லெண்ணமும் அதோடு வீணாகிறது.

சரி, அசல் பருத்திப்பையாக இருந்தால் பிரச்சினை தீர்ந்ததா? அதுவும் இல்லை. டென்மார்க் சுற்றுச்சூழல் துறை 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பைகளை விதையிலிருந்து குப்பை வரைக்கும் கணக்குப் போட்டது. புதுப் பருத்தியில் செய்த ஒரு பை, சாதாரண பிளாஸ்டிக் பையைவிடத் தட்பவெப்பத்துக்கு நல்லது என்று சொல்ல வேண்டுமானால் குறைந்தது 52 முறை பயன்பட வேண்டும். தண்ணீர், உரம், ஓசோன் என்று எல்லாக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 முறை. பிரிட்டன் 2011-ல் போட்ட கணக்கு 131 முறை என்றது. வாரம் ஒரு தடவை சந்தைக்கு எடுத்துப்போனால் 52 முறைக்கு ஓர் ஆண்டு ஆகும். 7,100 முறைக்குத் தினமும் எடுத்துப்போனாலும் 19 ஆண்டுகளுக்கு மேல்.

இந்தக் கணக்கைக் காட்டிப் பிளாஸ்டிக் பைக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் உண்டு. வீதியில் பறக்கும் பையின் சேதத்தை டென்மார்க் கணக்கு சேர்க்கவில்லை. சாக்கடையை அடைக்கும் பை, மாட்டின் வயிற்றில் உருண்டையாகத் திரளும் பை, ஆற்றுமணலில் புதைந்த பை எதுவும் அதில் வராது. திருச்சிக்கு முதல் தொல்லையே அவைதாம். ஆனால் அந்தக் கணக்கில் ஓர் உண்மை இருக்கிறது. பருத்திப்பையின் பெருஞ்சுமை பருத்தியை விளைவித்து, நூற்று, நெய்து, சாயம் போடுவதில் இருக்கிறது. கல்யாணத்துக்கும் மாநாட்டுக்கும் திறப்பு விழாவுக்கும் ஆயிரக்கணக்கில் புதுத் துணிப்பை இலவசமாக வாங்கி, பரணில் திணித்து, ஒன்றைக்கூடக் கையில் எடுக்காமல் விட்டால், அதுவும் ஒருமுறைப் பொருள்தான். மஞ்சள் நிறம் அதைக் காப்பாற்றாது.

பழைய வேட்டியிலும் பழைய புடவையிலும் தைத்த பைக்கு இந்தக் கடன் இல்லை. பருத்தி குடித்த தண்ணீரும் தறி ஓடிய மின்சாரமும் அந்தத் துணியின் முதல் வாழ்க்கைக் கணக்கில் போய்விட்டன. மீதி வேண்டியது ஒரு மணி நேரத் தையல். திருச்சியின் ஒவ்வொரு தெருவிலும் ஒரு தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் காலடியில் ரவிக்கை வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள் மூட்டையாகக் கிடக்கின்றன. இரண்டையும் சேர்த்தால் ஊருக்கு வேண்டிய பை ஊரிலேயே தயார்.

நல்ல பைக்கு ஓர் இலக்கணம் உண்டு. அது தெரியாமல் தைத்த பைதான் நாலாம் நாள் கைவிடுகிறது. அடித்தையலை உள்ளுக்குள் இரண்டு முறை மடித்துத் தைக்க வேண்டும். ஒற்றைத் தையல் ஐந்து கிலோ அரிசிக்குத் தாங்காது. கைப்பிடி பையோடு சேரும் இடத்தில் சதுரமாக ஒரு தையல் ஓட்டி, அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி போட வேண்டும். கைப்பிடி நாலு மடிப்பாக இருந்தால் விரலை அறுக்காது. மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்க வேண்டும். அடங்காத பை வீட்டு ஆணியிலேயே தொங்கும். மதுரையில் கிருஷ்ணன் சுப்பிரமணியன், கௌரி இணையர் நடத்தும் ‘யெல்லோ பேக்’ நிறுவனம் துணிப்பைத் தையலைப் பெண்களின் வேலைவாய்ப்பாகவே வளர்த்தெடுத்திருக்கிறது. திருச்சியிலும் அதற்கு ஆளும் உண்டு, இயந்திரமும் உண்டு.

பிளாஸ்டிக்கே கூடாது என்று இந்த ஊரின் பெண்கள் சொன்னதும் இல்லை. ஒயர் கூடையே அதற்குச் சாட்சி. என்.எஸ்.பி. ரோட்டிலும் சின்னக்கடை வீதியிலும் கட்டுக் கட்டாக ஒயர் வாங்கிவந்து, மத்தியானச் சமையல் முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து முடிச்சுப் போட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. சாதா முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் என்று அதற்குத் தனி அகராதியே உண்டு. அடிப்பகுதியைச் சரியாகக் கணக்குப் போட்டு ஆரம்பிக்காவிட்டால் கூடை கோணிக்கொள்ளும். பக்கம் ஏற ஏற ஒரே இழுவிசையில் போட வேண்டும். ஒரு நாள் தளர்த்தியும் ஒரு நாள் இறுக்கியும் போட்டால் இடுப்பு தெரியும். இப்படி முடித்த கூடை மழையில் நனையும், கழுவினால் பளிச்சென்று ஆகும், பால் பாக்கெட்டும் முருங்கைக்காயும் சுமந்து இருபது ஆண்டுகள் உழைக்கும். அதுவும் பிளாஸ்டிக்தான். ஆனால் உய்யக்கொண்டானில் ஒயர் கூடை மிதந்து யாரும் பார்த்ததில்லை. தன் கையால் இரண்டு வாரம் முடைந்ததை யாரும் வாய்க்காலில் எறிவதில்லை.

எறிவதே பாவம் என்பதும் இங்கே வழக்கமில்லை. ரங்கநாதர் கோயில் மடப்பள்ளியில் பெருமாளுக்குப் புது மண்பானையில் தளிகை செய்வது மரபு. பிரசாதம் தொன்னையில் வரும். சாப்பாடு வாழையிலையில். இவை ஒருமுறைப் பொருட்களே. ஆனால் பானை மண்ணுக்குப் போகும், இலை மாட்டுக்குப் போகும். ஒருமுறை பயன்படுத்தினால் மக்குவதாக இருக்க வேண்டும், மக்காதென்றால் பலமுறை உழைப்பதாக இருக்க வேண்டும் என்ற பாகுபாடு இங்கே பழைய புத்தி. மக்காததை ஒருமுறைக்கு மட்டும் செய்தது நேற்று வந்த பழக்கம்.

மண்ணும் இந்த வட்டாரத்துக்குக் கைகொடுக்கிறது. முசிறி, தொட்டியம், குளித்தலைப் பக்கம் காவிரிக் கரையில் கோரை விளைகிறது. அதை அறுத்து, கீறி, வெயிலில் காயவைத்து நெய்த பாய், பிளாஸ்டிக் பாயின் மலிவு விலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. தொட்டியம், லால்குடிப் பக்கத்துத் தோட்டங்களில் தார் வெட்டியதும் சாய்ந்து கிடக்கும் வாழைமரத்திலிருந்து நார் எடுத்துப் பையும் கூடையும் விரிப்பும் செய்யலாம். 1993-ல் திருச்சியில் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் அதற்கான தொழில்நுட்பத்தைச் சொல்லித்தருகிறது. ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டும் கைகளுக்கு வாழைநாரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதே இல்லை. உறையூர்த் துணியின் பெருமையோ கடல் கடந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய ‘பெரிப்ளஸ்’ என்னும் கடல்வழிக் குறிப்பு, ‘அர்கரு’ என்ற ஊரின் மெல்லிய துணியைப் பேசுகிறது. அந்த ஊர் உறையூர்தான் என்பது அறிஞர்கள் பலரின் முடிவு.

இனி, வெளியில் சொல்லக் கூசும் ஒரு துணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடையில் விற்கும் மாதவிடாய் நாப்கினில் பெரும்பகுதி பிளாஸ்டிக்கும் ஈரம் உறிஞ்சும் செயற்கைத் தூளும்தான். அது மக்காது. காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டால், அதைக் கையால் பிரிப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர். கழிப்பறைக்குள் போட்டால், அடைப்பை எடுக்க இறங்குபவரும் இன்னொரு தொழிலாளி. திருச்சியில் 1987 முதல் சுகாதாரப் பணி செய்துவரும் கிராமாலயா தொண்டு நிறுவனம், துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் பருத்தி நாப்கினைக் கிராமப் பெண்களிடம் கொண்டுபோனது. அதன் நிறுவனர் எஸ்.தாமோதரனுக்கு 2022-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆரோவில்லில் ‘ஈகோஃபெம்’ அமைப்பும் பெண்களைக் கொண்டு இப்படிப்பட்ட நாப்கின்களைத் தைக்கிறது. ஒரு செட் வாங்கினால் சில ஆண்டுகளுக்குக் கடைப்பக்கம் போக வேண்டாம்.

அதைப் பராமரிப்பதில் ரகசியம் ஏதும் இல்லை. முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். பிறகு சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் கஷ்டம். மாமனார் நடமாடும் மாடியிலும் எதிர்வீட்டு ஜன்னல் பார்க்கும் கொடியிலும் அதைக் காயப்போட எந்தப் பெண்ணுக்கும் துணிச்சல் வருவதில்லை. புடவைக்கு அடியில் மறைத்துப் போட்டால் ஈரம் போகாது. ஈரத்துணி கிருமிக்கு வீடு. வெயில் கொட்டிக் கிடக்கும் திருச்சியில் ஒரு முழத் துணிக்கு வெயில் கிடைக்காமல் போவதற்குக் காரணம் வானிலை இல்லை, வெட்கம். இந்த வெட்கத்தைப் போக்கும் பொறுப்பைப் பெண்கள் தலையில் மட்டும் கட்டக் கூடாது. அந்தக் கொடியைக் கட்டிக்கொடுப்பது வீட்டு ஆண்களின் வேலை.

துவைக்கும் வேலை முழுக்கப் பெண்களுக்கே வந்துசேர்கிறது என்பதுதான் மறுபயன்பாட்டுக்கு எதிரான மிக நியாயமான வாதம். பாத்திரம் கழுவ ஆளில்லாததால்தான் காகிதக் கப் வந்தது. கழுவாமல் தப்பித்ததற்கும் விலை உண்டு. 2020-ல் ஐ.ஐ.டி. காரக்பூர் ஆய்வாளர்கள், காகிதக் கப்பில் 100 மில்லி வெந்நீரைக் கால் மணி நேரம் வைத்திருந்தால் சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் அதில் இறங்குகின்றன என்று கண்டுபிடித்தார்கள். அலுப்பு தீர ஆசையாகக் குடிக்கும் தேநீரில் இது கலக்க வேண்டுமா?

விடை, கழுவுவதைக் கூலியுள்ள வேலையாக்குவதுதான். பாத்திர வாடகைக் கடை திருச்சிக்குப் புதிதல்ல. அண்டா, குத்துப்போணி, வாளி, கரண்டி எல்லாம் இன்றும் வாடகைக்குப் போகின்றன. விழா வீட்டுக்காரர் எவர்சில்வர் டம்ளர் 500 எடுக்கிறார் என்றால், கழுவிய டம்ளரை வாங்கி, எச்சில் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்ற ஏற்பாடு வேண்டும். கழுவும் தொட்டி, வெந்நீர், கழிவுநீர்க் குழாய் கொண்ட ஓர் இடத்தை மாநகராட்சி ஒவ்வொரு மண்டலத்திலும் கட்டி, மகளிர் சுயஉதவிக் குழுவிடம் ஒப்படைத்தால் நாலு பேருக்கு நிலையான வேலை கிடைக்கும். 2015 தேசிய விளையாட்டுப் போட்டியின்போது கேரளம் பசுமை நெறிமுறையை நடைமுறைப்படுத்தி, கழுவிப் பயன்படுத்தும் பாத்திரங்களை முன்னே வைத்தது. பிறகு அதைத் திருமணங்களுக்கும் அலுவலக விழாக்களுக்கும் கொண்டுபோனது. பெரிய கூட்டத்திலும் இது நடக்கும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

பை திரும்பி வருவதற்கும் வழி இருக்கிறது. நீலகிரி மாவட்டத்தில் 2022 முதல் மதுப்புட்டிக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலிப் புட்டியைக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். காட்டில் உடைந்து கிடந்து யானையின் காலைக் கிழித்த புட்டிகள் இப்போது கடைக்கே திரும்புகின்றன. அதே 10 ரூபாய் ஏற்பாட்டை ஸ்ரீரங்கம் பூக்கடைகளும் காந்தி மார்க்கெட்டும் துணிப்பைக்குச் செய்யலாம். பையை மறந்து வந்தவர் 10 ரூபாய் வைத்துவிட்டு ஒன்றை எடுத்துப்போகட்டும். அடுத்த வாரம் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளட்டும்.

தைப்பவருக்கான கூலிதான் முதுகெலும்பு. கைவேலைப் பொருள் என்றால் பேரம் பேசலாம், சும்மா வீட்டில் இருக்கும் பெண்கள்தானே தைக்கிறார்கள் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. பை ஒன்றுக்கு இரண்டு ரூபாய் குறைத்து டெண்டர் விடும் அலுவலகம், அந்த இரண்டு ரூபாயை ஒரு பெண்ணின் முதுகுவலியிலிருந்து எடுக்கிறது. கூலி குறைந்தால் தையல் குறையும், பெருக்கல் குறி போகும், பை பிய்ந்துவிடும். கடைசியில் ‘துணிப்பை உழைக்காது’ என்ற கெட்ட பெயரும் அதற்கே வரும். தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழு இயக்கம் 1989-ல் தருமபுரியில் வேர்விட்டு மாநிலம் முழுக்கப் பரவியது. குழுக்களின் பொருட்களை விற்கப் பூமாலை வணிக வளாகங்களும் ‘மதி’ அங்காடிகளும் இருக்கின்றன. மாநகராட்சியும் கல்லூரிகளும் தங்கள் விழாக்களுக்கான பையை நியாயமான கூலி நிர்ணயித்து அங்கேயே வாங்குவது என்று முடிவெடுத்தால், கண்காட்சி மேசையில் தூசி படியும் பொருளுக்கு ஆண்டு முழுக்க ஓட்டம் கிடைக்கும்.

எங்கே தொடங்குவது? ஸ்ரீரங்கமே பொருத்தமான இடம். 1994-ல் திருச்சி மாநகராட்சியோடு இணையும்வரை அது தனி நகராட்சி. காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த தீவு என்பதால் உள்ளே வருவதும் வெளியே போவதும் சில பாலங்கள் வழியாகத்தான். ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் படித்துறையில் காதோலை கருகமணியும் பூவும் காவிரியில் விடுபவர்கள், அவற்றைக் கொண்டுவந்த பிளாஸ்டிக் உறையையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள். ஓலைப்பெட்டியில் வைத்து விற்றால், பெட்டி மறு ஆடிக்கும் ஆகும். மார்கழியில் பகல் பத்து, இராப்பத்து என்று நாள் கணக்கில் கூட்டம் வரும். வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறக்கும்போது லட்சக்கணக்கானோர் திரள்வார்கள். வீதியில் பாலும் பொங்கலும் வழங்கும் உபயதாரர்களுக்கு எவர்சில்வர் டம்ளரும் தொன்னையும் மட்டுமே அனுமதி, கழுவும் இடம் இன்னின்ன இடத்தில், பை முன்பணம் இன்ன கடையில் என்று மாநகராட்சியும் கோயில் நிர்வாகமும் சேர்ந்து முன்கூட்டியே அறிவித்துச் செய்து காட்டலாம்.

புரட்டாசியிலேயே வேலையை ஆரம்பித்தால் மார்கழிக்குள் முடியும். நாலு சித்திரை வீதியிலும் நாலு உத்திர வீதியிலும் வீட்டுக்கு ஒரு பழைய வேட்டியோ நூல்புடவையோ கேட்டு வாங்கி, துவைத்துக் கஞ்சி போட்டு, தையல் தெரிந்த பெண்களிடம் கூலி பேசிக் கொடுத்துவிட வேண்டும். முதல் ஆயிரம் பைக்கான துணி அந்த வீடுகளின் பீரோக்களில் நாப்தலின் உருண்டை வாசனையோடு இப்போதே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.